ஒரே பக்கத்துக்கு நாலைந்து முகவரிகள்: தடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தளத்தில் ஒரே பக்கம் நாலைந்து முகவரிகளில் திறக்கிறது. கூகுள் தண்டிக்குமோ என்று பயந்து, எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் ஃபைலில் (robots.txt) கூடுதல் முகவரிகளைத் தடுத்துவிட்டோம். சரிதானே?

பதில்: உங்கள் தளத்துக்குள்ளேயே இப்படி நகல் முகவரிகள் இருப்பதற்குத் தண்டனை ஏதும் கிடையாது. நீங்கள் போட்ட தடைதான் பிரச்சினை. அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

கடைசியில் ஒரு சாய்கோடு, கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் விளம்பரக் குறியீடு என எது மாறினாலும் தேடுபொறிக்கு அது வேறு முகவரி. டொமைன் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமில்லை. அதற்குப் பின் வரும் பாதையில் உண்டு. கூகுள் இவற்றைப் படித்து, உள்ளடக்கம் ஒன்றாக இருப்பவற்றைச் சேர்த்து, ஒன்றை மட்டும் முதன்மை முகவரியாக வைத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு வந்த இணைப்புகளின் பலனும் அதற்கே போகும். தடுத்த பக்கத்தைப் படிக்கவே முடியாதபோது, அது நகல் என்று எப்படித் தெரியும்? வெளித்தளம் ஏதாவது அதற்கு இணைப்பு கொடுத்திருந்தால், விவரமே இல்லாமல் தேடல் முடிவில் வந்து நிற்கவும் கூடும்.

இனி தேவைப்படாத முகவரியை 301 ரீடைரக்ட் செய்யுங்கள், அதாவது முதன்மை முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள். இருந்தாக வேண்டிய முகவரி என்றால் கனானிக்கல் டேக், அதாவது ‘முதன்மை முகவரி இதுதான்’ என்று பக்கத்தின் HTML குறிமுறையில் சொல்லும் ஒரு வரி. 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் ஏற்றுக்கொண்ட முறை இது. அதில் முதன்மை முகவரியை டொமைனோடு முழுதாக எழுதுங்கள்.

இந்த டேக், குறிமுறையின் தொடக்கத்தில் பக்கத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் ஹெட் பகுதிக்குள் இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஹெட்டுக்குள் அதற்கு மேலே ஓர் இமேஜ் டேக்கோ ஐஃப்ரேமோ (வேறு பக்கத்தை உள்ளே காட்டும் டேக்) புகுந்துவிட்டால், ஹெட் அங்கேயே முடிந்ததாகக் கணக்கு. கீழே உள்ள கனானிக்கல் செல்லாது. சர்வர் அனுப்பிய குறிமுறையை அப்படியே காட்டும் வியூ சோர்ஸில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பிரவுசர் அதைப் புரிந்துகொண்ட விதத்தைக் காட்டும் இன்ஸ்பெக்ட் பேனலைத் திறந்தால், டேக் பாடிக்குள் (திரையில் தெரியும் உள்ளடக்கத்துக்கான பகுதி) இறங்கிக் கிடப்பது தெரியும்.

கனானிக்கல் ஒரு பரிந்துரைதான், கட்டளை அல்ல. டேக் ஒரு முகவரியையும், சைட்மேப் (தேடுபொறிக்குத் தரும் முகவரிப் பட்டியல்) இன்னொன்றையும், மெனு மூன்றாவதையும் காட்டினால் கூகுள் தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ளும். மூன்றிலும் ஒரே முகவரி இருக்கட்டும். தள உரிமையாளர்களுக்கான கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்துச் சோதித்தால், நீங்கள் சொன்ன முதன்மை முகவரியும் கூகுள் தேர்ந்ததும் அடுத்தடுத்து வரும்.

பொருள் பட்டியல் பல பக்கங்களாக நீண்டால், அதன் 2, 3ஆம் பக்கங்களுக்கு முதல் பக்கத்தைக் கனானிக்கலாகக் கொடுக்காதீர்கள். அவை நகல்கள் அல்ல. அங்கே மட்டும் இருக்கும் பொருள்கள் கூகுளின் கண்ணில் படாமலே போகலாம்.