கறுப்புக் காய்களோடு ஆடும் சிறுவனுக்குச் சிசிலியன் தற்காப்பு ஏற்றதா?

சுங்கை சிப்புட் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் தங்கள் மகன், சதுரங்கத்தில் கறுப்புக் காய்கள் அமைந்தாலே ஒதுங்கி ஆடித் தோற்பதாகக் கேட்டிருந்தீர்கள். ஏற்றதுதான், ஆனால் அந்தத் தற்காப்பு பெயரில் மட்டுமே தற்காப்பு.

வெள்ளை முதலில் இ4 கட்டத்துக்குச் சிப்பாயை நகர்த்த, கறுப்பு சி5 கட்டத்துக்குச் சிப்பாயை நகர்த்துவதே சிசிலியன் தற்காப்பு. பிறகு வெள்ளையின் நடுச் சிப்பாய்க்குத் தன் அந்தப் பக்கவாட்டுச் சிப்பாயைக் கொடுத்து மாற்றிக்கொள்வதால், கறுப்புக்கு நடுவில் இரண்டு சிப்பாய்கள் எஞ்சுகின்றன. அவற்றின் வலிமையைக் காட்ட, 1834இல் லண்டனில் அயர்லாந்து ஆட்டக்காரர் மெக்டானலைப் பிரெஞ்சு ஆட்டக்காரர் லா பூர்தொன்னே கறுப்பில் வென்ற ஆட்டத்தையே, கோயில் மண்டபத்தில் பலகை விரித்துப் பிள்ளைகளுக்கு நான் ஆடிக் காட்டுவேன். நான்காம் நகர்விலேயே கறுப்பு தன் சிப்பாயை நகர்த்தி 'இ5' ஆடியது துணிச்சல். வெள்ளை உடனே குதிரைகளை மாற்றிக்கொண்டது, என் பார்வையில், எதிரியின் நடுப்பகுதிக்குத் தானே உரமிட்ட செயல். 23ஆம் நகர்வில் வெள்ளை மந்திரி யானையை வெட்டியபோது, அதைத் திருப்பி வெட்டாமல், சிப்பாயால் குதிரையை வெட்டி முன்னேறினார் லா பூர்தொன்னே. இறுதியில் ஒரு யானைக்காக ராணியையே கொடுத்தார். 37ஆம் நகர்வில் டி2, இ2, எஃப்2 கட்டங்களில் மூன்று கறுப்புச் சிப்பாய்கள் தோளோடு தோள் நிற்க, ராணியும் யானையும் கையிலிருந்தும் மெக்டானல் தோல்வியை ஒப்புக்கொண்டார். (அந்த நிலையை வைத்ததும் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள்.)

இன்று அதே 'இ5'க்கு வெள்ளை குதிரையைப் பி5க்குக் கொண்டுபோகும் என்பதால், மகனுக்கு முதலில் அந்தப் பதிலை எதிர்கொள்ளப் பழக்குங்கள்.