கைராசியும் குலுக்கலும்

கேள்வி: எங்கள் ஊர் மருத்துவர் கைராசிக்காரர், அவர் தொட்டாலே நோய் தீர்ந்துவிடும். அப்படியிருக்க, ஆராய்ச்சி, ஆதாரம், புள்ளிவிவரம் என்று ஏன் கேட்க வேண்டும்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்கள் கேள்வியில் 'கைராசி' என்ற சொல்லைவிட்டு என்னால் நகர முடியவில்லை. குணமானவர் பழத்தட்டோடு வந்து நன்றி சொல்கிறார். குணமாகாதவர் வேறு மருத்துவரைத் தேடிப் போகிறார். இறந்தவரின் வீட்டார் அந்தத் தெருப்பக்கமே வருவதில்லை. ஆகவே எந்த மருத்துவருக்கும் தம் கை ராசியான கையாகத்தான் தெரியும். லேகிய விளம்பரங்களின் நன்றிக் கடிதங்களை இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் சாடுவதும் இதனால்தான். கடிதம் எழுதாதவர்கள் எத்தனை பேர் என்று யாரும் சொல்வதில்லை.

காசநோய்க்கு ஓய்வும் நல்ல காற்றும் பாலும் முட்டையும் வேண்டும், சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், சேர்ந்தால்தான் பிழைக்கலாம் என்று அனுபவமிக்க மருத்துவர்களே நம்பியிருந்த காலத்தில், 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. 193 ஏழை நோயாளிகளில் யார் வீட்டிலிருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். தேர்வை மருத்துவரிடம் விட்டிருந்தால், இரக்கத்தினாலேயே அவர் மெலிந்தவரைப் படுக்கையில் சேர்த்துத் திடமானவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பிறகு எந்த ஒப்பீடும் செல்லாது. இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே மருந்துகள், அதே ஓராண்டு. வீட்டிலிருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்து, குறைவாக உண்டு, கூடுதலாக உழைத்தும், அவர்களில் 86 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது, சானடோரியத்தில் 92. 1959இல் வெளியான இந்த முடிவும், வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்று ஐந்தாண்டுக் கண்காணிப்பு காட்டியதும், உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டிலேயே நடத்துவதற்கு வழி திறந்தன. படுக்கை கிடைக்காமலே இறந்திருக்கக்கூடிய எத்தனையோ பேரை எண்ணும்போது, சென்னையில் நடந்த இந்த ஆய்வு நம் பள்ளிப் பாடநூல்களில் இருக்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

அப்படியென்றால் பாலும் முட்டையும் வீண்தானா என்றால், அதற்கும் அனுமானத்தால் பதில் சொல்லிவிட முடியாது. மருந்து உட்கொள்பவர் குணமாவது ஒரு கேள்வி. உடனிருப்பவருக்கு நோய் வராமல் தடுப்பது வேறொரு கேள்வி. அந்த மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளி வீட்டாரில் குலுக்கலில் தேர்ந்த ஒரு சாராருக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். 2023இல் முடிவு வெளியானது: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள், பெறாத குடும்பங்களைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு.