மொபைலில் அளந்த ஒன்றரை சென்ட் குறைவு

வணக்கம் நண்பரே. பட்டாவில் 20 சென்ட், மொபைல் ஆப்பில் வரப்பைச் சுற்றி நடந்தால் 18.5, பக்கத்துக்காரர் வரப்பை நகர்த்திவிட்டாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஜியோமேடிக்ஸ் (நில அளவை, வரைபடம் பற்றிய படிப்பு) படித்து, சர்வே வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. தயவுசெய்து அவரிடம் இப்போதே பேச்சை வளர்த்துவிடாதீர்கள்.

திறந்த வெளியில்கூட மொபைல் ஜிபிஎஸ் நான்கைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். உங்கள் 20 சென்ட் என்பது சுமார் 809 சதுர மீட்டர். சதுரமான நிலம் என்றால் பக்கத்துக்கு 28.4 மீட்டர். ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு மீட்டர் குறைந்தாலே சுமார் 1.4 சென்ட் காணாமல் போகும்! மண் அங்கேயேதான் இருக்கும்.

முதலில் உங்கள் சர்வே எண்ணுக்கான புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லையும் அளவுகளும் உள்ள அரசு வரைபடத்தை, அரசு இ-சேவைத் தளத்தில் எடுங்கள். அப்புறம் எல்லையில் நட்ட சர்வே கல்லைத் தேடுங்கள். போன மாதம் ஒரு இடத்தில் அண்ணன் தம்பி இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை; வேலிக்காத்தான் புதரை வெட்டி, ஒரு முழம் தோண்டியதும் பழைய சர்வே கல் தலை காட்டியது. அந்த நிமிடத்துக்காகத்தான் இந்த வேலையை இவ்வளவு நேசிக்கிறேன்.

கல்லுக்குக் கல் டேப்பை இழுத்துப் பிடித்து அளங்கள், மூலைவிட்டத்தையும் சேர்த்து. புலப்படத்தோடு ஒத்துவராவிட்டால், நில அளவைக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பியுங்கள். சர்வேயர் வரும் நாளில் பக்கத்துக்காரரும் கூட நிற்கட்டும்.