வீட்டு ஓட்டைய அடைச்சா வேலை கிடைக்குமா? கேள்வி பதில்

அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல 2010லேருந்து எனர்ஜி ஆடிட்டரா இருக்கேன், அதாவது வீட்ல சூடு எங்க வீணாகுதுன்னு சோதிச்சு சொல்ற ஆளு. வருமானம் கம்மியா இருக்கவங்க வீட்டுக்கு அரசு செலவுல ஓட்டைய அடைச்சு, குளிர் தடுக்கிற இன்சுலேஷன் போட்டுத் தர்ற வெதரைசேஷன் திட்டம்தான் எனக்கு சோறு போடுது. இதனால வேலைவாய்ப்பும் வருதுன்னு நான் சொன்னதுக்கு கேள்வி கேட்ட எல்லாருக்கும் இங்கயே சொல்லிடுறேன்.

கேள்வி: அண்ணா, இதுக்கும் வேலைவாய்ப்புக்கும் என்ன சம்பந்தம்? அரசாங்கம் ஃபேக்டரி கட்டலாமே?

பதில்: ஃபேக்டரிய நாளைக்கே வேற நாட்டுக்கு மாத்திடலாம் தம்பி, எங்க ஊர்ப்பக்கம் க்ளீவ்லாண்ட்ல இருக்கிற வீட்டோட அட்டிக்க, அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல இருக்கிற இடத்த, எங்கயும் கொண்டு போக முடியாது, அங்க ஒரு ஆளு ஏறித்தான் ஆகணும். 2008ல வீடு கட்டுற தொழில் படுத்துடுச்சு, தச்சு வேலை, டிரைவால்னு சொல்ற பலகைச் சுவர் வேலை பாத்தவங்கல்லாம் சும்மா உக்காந்திருந்தாங்க, இது அவங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான். அதான் 2009 பிப்ரவரில படுத்த பொருளாதாரத்த தூக்கி விட ஒபாமா கையெழுத்து போட்ட ஸ்டிமுலஸ் சட்டத்துல இதுக்கு மட்டும் 500 கோடி டாலர் ஒதுக்கினாங்க, முந்தின வருஷம் சுமார் 23 கோடிதான். திட்டம் 1976லயே வந்தது.

கேள்வி: வீட்டுக்குள்ள போய் அப்படி என்ன பண்ணுவீங்க?

பதில்: வாசல் நிலையில துணிய இழுத்துக் கட்டி அதுல பெரிய ஃபேன் மாட்டுவோம், பேரு ப்ளோவர் டோர். உள்காத்த வெளிய இழுத்து, உள்ளுக்கும் வெளிக்கும் காத்தழுத்தத்துல 50 பாஸ்கல் வித்தியாசம் வர்ற வரைக்கும் ஓட்டினா எங்கெங்க ஓட்டை இருக்கோ அங்கல்லாம் வெளிக்காத்து சீறிட்டு வரும். ஒரு ஜனவரில வயசான அம்மா ஒருத்தங்க வீடு, அவங்க ஜன்னலத்தான் குறை சொல்லிட்டே இருந்தாங்க, நான் அவங்க கைய புடிச்சு பிளக் பாயிண்ட் கிட்ட வச்சேன், அப்புறம் அட்டிக் மூடிக்கு கீழ வச்சேன், ஐஸ் மாதிரி காத்து, "இதுக்கா இத்தனை வருஷம் பில் கட்டினேன்"னு அப்படியே நின்னுட்டாங்க. அட்டிக்ல வயர், குழாய் போற சந்து இடுக்கெல்லாம் ஃபோம் அடிச்சு அடைச்சிட்டு, பழைய நியூஸ்பேப்பர அரைச்சு பண்ற செல்லுலோஸ ஹோஸ்ல ஊதினாலே பெரும்பாலான குளிர் நின்னுடும். வீட்ட சூடாக்குற ஃபர்னேஸோட புகை உள்ள வருதான்னு கண்டிப்பா பாக்கணும், வீட்ட இறுக்கி மூடிட்டு அத விட்டா உயிரே போயிடும்.

கேள்வி: காசு வந்தும் 2009ல வேலையே நடக்கலயாமே சார்?

பதில்: ஆமா, ஆரம்பத்துல ரொம்ப மந்தம். ஸ்டிமுலஸ் காசுன்னா அந்தந்த ஊர் கூலி விகிதப்படிதான் சம்பளம்னு விதி, இந்த வேலைக்கு அதுவரைக்கும் அப்படி ஒரு விகிதமே கிடையாது, அது வர்ற வரைக்கும் நிறைய மாநிலங்க காசத் தொடாம வச்சிருந்தாங்க. நியாயமான விதிதான், முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவுல இதே மாதிரி ஒரு திட்டத்துல ஆளுங்க செத்தாங்களே?

பதில்: நாலு சின்னப் பசங்க. 2009ல அவசர அவசரமா ஆரம்பிச்சு, பத்து லட்சத்துக்கு மேல வீடுங்க, பயிற்சி இல்லாதவங்களையெல்லாம் கூரைக்குள்ள ஏத்தினாங்க. மூணு பேர் கரண்ட் அடிச்சு, ஒருத்தர் வெக்கையில. 2010 பிப்ரவரில திட்டத்தையே மூடிட்டாங்க. எத்தனை பேருக்கு வேலைன்னு கணக்கு காட்டுற அவசரத்துல அவங்க உசுர யாரும் பாக்கல, எனக்கு இன்னும் ஆறல.

கேள்வி: நான் இந்த வேலைக்கு வரலாமா அண்ணா?

பதில்: வாங்க, ஆனா தெரிஞ்சுக்கிட்டு வாங்க. ஸ்டிமுலஸ் காசு தீர்ந்ததும் எங்க டீம்ல ஆறு பேர் ரெண்டு பேராயிட்டோம், நல்லா பழகின கைங்க எல்லாம் வேற வேலைக்குப் போயிடுச்சு. மொத்தமா கொட்டிட்டு நிறுத்துறதுக்கு பதிலா வருஷா வருஷம் கொஞ்சமா குடுத்திருந்தா அவங்க இன்னும் இங்க இருந்திருப்பாங்க. முதல்ல வெயில் கொளுத்துற ஒரு ஆகஸ்ட் மத்தியானம் அட்டிக்ல ஒரு மணி நேரம் இருந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க.