ஃப்ளோர்வொர்க்குல கழுத்தும் தோளும்: உங்க கேள்விகள், என் பதில்கள்

நான் பிசியோதெரபிஸ்ட். ஆறு வருஷமா போல் டான்ஸும் (கம்பத்தைப் பிடிச்சு ஆடற நடனம்) ஆடறேன். அதுல தரையில உருண்டு, சறுக்கி ஆடற பகுதிதான் ஃப்ளோர்வொர்க். கம்பத்துல ஏறினா விழுந்துடுவோமோன்னுதான் புதுசா வர்ற எல்லாரும் பயப்படறாங்க. ஆனா என்கிட்ட கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தவங்கள்ல பாதிப்பேருக்கு மேல கம்பத்தடியில, தரையில உருண்டவங்கதான். வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டேன்.

ஷோல்டர் ரோல் (தோள் வழியா உருள்றது) ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆச்சு அக்கா. கிளாஸ் முடிஞ்சு மறுநாள் காலையில தவறாம கழுத்து பிடிச்சுக்குது. பழகப் பழக சரியாயிடுமா?

ஆகாதும்மா. தொடை, வயிறு வலிச்சா பழக்கமில்லாத வேலைன்னு விட்டுடலாம். தவறாம கழுத்து பிடிக்குதுன்னா நீங்க கழுத்து மேலதான் உருள்றீங்க.

தலையைக் குனிஞ்சு பிடரியைத் தடவிப் பாருங்க. கழுத்து முடியற இடத்துல உருண்டையா ஓர் எலும்பு துருத்திக்கிட்டு இருக்கும். பெரும்பாலானவங்களுக்கு அது ஏழாவது கழுத்தெலும்பு. அதுவும் அதுக்கு மேல இருக்கறதும் எடை தாங்கக் கூடாது. எடை இறங்க வேண்டியது அதுக்குப் பக்கத்துல, தோள்பட்டையோட பின்பக்கம் சதை திரண்டிருக்கற இடத்துல.

வலது தோள் வழியா பின்னால உருளணும்னு வச்சுக்குவோம். மல்லாந்து படுங்க. வலது கையைப் பக்கவாட்டுல நீட்டுங்க. இடது காது இடது தோள்பக்கமா சாயட்டும், முகமும் இடதுபக்கம் திரும்பட்டும். இப்ப வலது காதுக்கும் வலது தோளுக்கும் நடுவுல அகலமா ஒரு வழி கிடைக்கும். இடுப்பும் காலும் அந்த வழியாத்தான் போகணும். நேரா நெத்திக்கு மேல போச்சுன்னா உடம்பு எடை மொத்தமும் மடங்கின கழுத்துல வந்து உட்காரும். இடது உள்ளங்கையைத் தலைக்குப் பக்கத்துல ஊன்றித் தரையைத் தள்ளுங்க. அந்தத் தள்ளல்தான் கழுத்துக்கு இடம் விடும்.

நான் அடிக்கடி பார்க்கற தப்பு ஒண்ணு: கால் எங்க போகுதுன்னு பார்க்கற ஆசையில பாதி வழியில தலையைத் திருப்பறது. அந்த ஒரு விநாடியில வழி அடைஞ்சுடும். காலை நம்புங்க, அது எங்கயும் போயிடாது.

இதுக்கு ஒரு சோதனை இருக்கு. முழங்காலை மடக்கி, இடுப்பு தோளுக்கு மேல வந்ததும் நிறுத்தி மூணு எண்ணுங்க. மூச்சு சாதாரணமா வருதா? நிறுத்தவே முடியலன்னா வேகம்தான் உங்களை உருட்டுது. வேகத்துல தப்பு தெரியாது, மறுநாள் காலையிலதான் தெரியும். நிறுத்த வர்ற வரைக்கும் கால் நீட்டாதீங்க, பாட்டு போடாதீங்க. ஒரு பக்கத்துக்கு அஞ்சு தடவை உருண்டா அன்னைக்குப் போதும்.

வீட்டுல டைல்ஸ் தரை. ஜமுக்காளம் விரிச்சுப் பண்ணலாமா, யோகா மேட்தான் வேணுமா?

டைல்ஸ் மேல ஜமுக்காளம் வழுக்கும், உங்களையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போகும். மெத்தை இன்னும் மோசம். தலை உள்ள புதைஞ்சுடும், உடம்பு மட்டும் திரும்பும். யோகா மேட்ல உருளலாம், ஆனா சறுக்கற அசைவு எதையும் பண்ணாதீங்க. வேர்த்த தோள் ரப்பர்ல ஒட்டிக்கும், உடம்பு மேல போயிடும், நடுவுல மாட்டறது கழுத்து. கத்துக்கற காலத்துக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைங்க பயன்படுத்தற மாதிரி, கையால அழுத்தினா லேசா மட்டும் அமுங்கற கெட்டி ஃபோம் மேட் நல்லது.

இதோட இன்னொண்ணு, யாரும் சொல்லித்தர மாட்டாங்க. கிளட்ச் கிளிப், உச்சிக்கொண்டை, ஜிமிக்கி, சங்கிலி எல்லாத்தையும் கழட்டிட்டு வாங்க. பின்மண்டையில கொண்டை இருந்தா படுக்கும்போதே தாடை நெஞ்சுல குத்தும், கழுத்து பாதி மடங்கின நிலையிலதான் ஆரம்பிப்பீங்க. தலைக்கு எண்ணெய் வச்ச அன்னைக்கு ஃப்ளோர்வொர்க் வேண்டாம். ஒருத்தங்க கை வழுக்கிக் கன்னத்துல விழுந்ததைப் பார்த்தவ நான்.

தோள் நுனியில கன்னிப்போயிருக்கு. கையைத் தூக்கும்போது பாதியில சுரீர்னு வலிக்குது. ரெண்டும் ஒண்ணா?

வேற வேறயா இருக்கலாம். காறை எலும்பு தோள் நுனியைத் தொடற இடத்துல ஒரு சின்ன மூட்டு இருக்கு. சதைக்குப் பதிலா எலும்பு மேல உருண்டா அது அடி வாங்கும். கையைக் குறுக்கே எதிர்த்தோளுக்குக் கொண்டுபோனா அங்கேயே வலிக்கும். ரோல் பாதையைத் திருத்திக்கிட்டு கொஞ்ச நாள் அந்தப் பக்கத்தை விட்டா பெரும்பாலும் அடங்கிடும். எலும்பு மேடு தட்டினா மட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க.

கையைப் பக்கவாட்டுல தூக்கும்போது சுமார் 60 டிகிரியில ஆரம்பிச்சு 120-க்கு மேல போனதும் குறையற வலின்னா, ரொட்டேட்டர் கஃப், அதாவது தோள் மூட்டைச் சுத்தி இருக்கற தசைக்கூட்டத்தைச் சந்தேகப்படணும். தோள் கிண்ணம் ஆழமில்லாதது. இந்த நாலு தசைகள் சேர்ந்துதான் மேல்கை எலும்போட பந்து மாதிரியான தலையை அதுல பிடிச்சு வைக்குது. கையைப் பின்னால ஊன்றி உடம்பைத் தூக்கற அசைவுகள்ல காதுவரைக்கும் தோள் ஏறிப்போச்சுன்னா அந்தத் தசைநாண்கள் சிரமப்படும். ஊன்றதுக்கு முன்னாடி தோளைக் காதுலேர்ந்து கீழே இறக்குங்க. சர்க்கரை உள்ளவங்க, தோள் வலியோட கை சுழற்றறதும் நாளுக்கு நாள் குறைஞ்சா தள்ளிப்போடாம காட்டுங்க. உறைந்த தோள் உங்களுக்குத்தான் அதிகமா வரும்.

ஹெட்ஸ்டேண்ட், ஃபிஷ் ஃப்ளாப் எப்போ ஆரம்பிக்கலாம்?

ஹெட்ஸ்டேண்டை நான் ஆரம்பநிலையில சொல்லித்தர்றதே இல்ல. 2015-ல வெளியான ஓர் ஆய்வுல, யோகாவுல பழக்கமுள்ளவங்க சிரசாசனம் பண்ணும்போது தலையில இறங்கின உச்ச விசையை அளந்தாங்க. உடல் எடையில 40-லேர்ந்து 48 விழுக்காடு. 60 கிலோ ஆளுக்கு ஒரு சிப்பம் அரிசி கழுத்து மேல. பழகினவங்களுக்கே அப்படி. முன்கை ஊன்றி, தலை தரையைத் தொடாம நிக்கற வழி இருக்கும்போது எதுக்கு இது?

ஃபிஷ் ஃப்ளாப்னா தோள் மேல தலைகீழா இருந்து குப்புற இறங்கற அசைவு. அதுல நெஞ்சு முதல்ல இறங்கணும், அப்புறம் வயிறு, கடைசியா தொடை. கன்னம் ஒரு பக்கமா திரும்பியிருக்கணும். தாடை தரையில முட்டுதுன்னா கழுத்து பின்னால ஒடியும். நடுமுதுகு வளையாதவங்க அந்த வளைவைக் கழுத்துலேர்ந்து கடன் வாங்குவாங்க, அதனால முதல்ல முதுகு.

நான் விழுப்புரம், ஏழு வருஷம் மல்லர் கம்பம் பண்ணவன். எனக்கும் முதல்லேர்ந்தா மேடம்?

பிடியும் கைவலுவும் உங்களுக்கு எங்களைவிட அதிகம், தம்பி. உங்களுக்கு ஆபத்தே அதுதான். உருள வராத இடத்துல கைபலத்தால இழுத்து முடிச்சுடுவீங்க. ரெண்டு வகுப்பு மட்டும் ரோலை மெதுவா பண்ணிக் காட்டுங்க, அப்புறம் தடையில்ல.

44 வயசு, நாள் முழுக்க லேப்டாப். வார்ம்-அப்ல எதைக் கட்டாயம் பண்ணணும்?

பத்து நிமிஷம் போதும். முழங்கால் கை ஊன்றி முதுகை வளைச்சு நிமிர்த்தறது. சுவத்துல கை வச்சு, முழங்கை மடங்காம தோள்பட்டையை மட்டும் முன்னே தள்ளி இழுக்கறது. உள்ளங்கையை நெத்தியில, பிறகு காதோரத்துல வச்சு, தலை அசையாம அஞ்சு விநாடி எதிர்த்து அழுத்தறது. தலையை முழு வட்டமா சுழற்ற வேண்டாம். ரத்த அழுத்தம் கட்டுக்குள்ள இல்லன்னாலோ கண்ணுல கிளாக்கோமா இருந்தாலோ, தலைகீழா போற எதையும் மருத்துவரைக் கேட்காம தொடாதீங்க.

கழுத்து பிடிச்சா எங்க வீட்டுக்காரர் சலூன்ல நெட்டி முறிச்சுக்கலாம்னு சொல்றார்...

அவரையும் போக வேண்டாம்னு சொல்லுங்க. கழுத்தெலும்புகளுக்குள்ள புகுந்து மூளைக்குப் போற ரத்தக்குழாய்கள் இருக்கு. திடீர்னு முறுக்கினதுல அதோட உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வந்த நோயாளிகளைப் பத்தி மருத்துவ இதழ்கள்ல பதிவு இருக்கு. சாதாரணப் பிடிப்புன்னா வெந்நீர் ஒத்தடம், வலிக்காத அளவுக்கு மெதுவான அசைவு, ரெண்டு மூணு நாள் ரோல் இல்லாம இருக்கறது. வலி பத்துக்கு மூணுக்குள்ள இருந்து, பயிற்சி முடிஞ்சு 24 மணி நேரத்துல பழைய நிலைக்கு வந்துட்டா தொடரலாம்.

கையில மரத்துப்போறது, மின்சாரம் பாஞ்ச மாதிரி இறங்கற வலி, டம்ளர் நழுவற அளவு பலவீனம் இருந்தா அன்னைக்கே மருத்துவரைப் பாருங்க. இதுவரைக்கும் வராத மாதிரி கழுத்துவலியோட தலைவலி, தலைசுத்தல், பார்வை ரெண்டா தெரியறது, நடை தள்ளாடறது, சிறுநீர் கட்டுப்பாடு போறது இதுல எது வந்தாலும் நேரா அவசர சிகிச்சைக்குப் போங்க. விழுந்த உடனே நடுக்கழுத்து எலும்புல தொட்டா வலிச்சா எழுந்திருக்காதீங்க. கூட இருக்கறவங்க தலையை அசைக்காம 108-ஐக் கூப்பிடட்டும்.