வாசகர் கேள்வி – பதில்: பட்டி ஹாலி

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கத்துப் பழைய கடையில் என் தாத்தா வாங்கிய இசைத்தட்டில் 'பட்டி ஹாலி' என்ற பெயர் இருக்கிறது. அவர் எப்படிப்பட்ட பாடகர்?
– வாசகி, திருமங்கலம்.

பதில்: அந்தத் தட்டைக் கீறல் விழாமல் பத்திரமாக வைத்திருங்கள். 1936-இல் டெக்சாஸ் மாநிலத்தின் லப்பக் நகரில் பிறந்த ராக் அண்ட் ரோல் என்ற துள்ளிசைப் பாடகரான பட்டி ஹாலி, 1956-இல் நாஷ்வில்லில் பதிவு செய்த பாடல்கள் எடுபடாமல் போகவே, மறு ஆண்டு பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் குளோவிஸ் என்ற ஊரில், நார்மன் பெட்டியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'தி கிரிக்கெட்ஸ்' குழுவுடன் பாடிய பாட்டு, செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. தம் பாடல்களைத் தாமே எழுதிப் பாடியதையே அவருடைய பெரும் சாதனையாகக் கருதுகிறேன். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவினரும் அவரிடமிருந்து கற்றுக்கொண்டவர்களே. 'எவ்ரிடே' என்ற பாடலை உற்றுக் கேளுங்கள்: நம் ஊர்த் திண்ணையில் அமர்ந்து பாடுகிறவர் தாளம் போடுவதைப் போலவே, டிரம்ஸ் கலைஞர் ஜெர்ரி ஆலிசன் தம் தொடையில் தட்டும் ஓசைதான் அதற்குத் தாளம். 1959-இல் கடுங்குளிரில் சுற்றுப்பயணப் பேருந்தின் வெப்பமூட்டி பழுதானதால், அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் நிகழ்ச்சிக்குப் பின் சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக் கிளம்பினார். பிப்ரவரி 3 அதிகாலை அது விழுந்து நொறுங்கியபோது அவருக்கு வயது 22. உடன் சென்று மாண்ட பாடகர் ரிச்சி வாலன்ஸுக்கு 17.