எச்ஓ (1:87 அளவு) மாதிரி ரயிலில் செட்டோடு வந்த கன்ட்ரோலரை மாற்றிவிட்டு 5 ஆம்பியர் டிசிசி (ஒவ்வொரு என்ஜினையும் டிஜிட்டல் கட்டளையால் தனித்தனியாக ஓட்டும் முறை) கருவி வாங்கினால் ரயில் சீராக ஓடுமா?

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. 8க்கு 4 அடி பிளைவுட்டில் இரட்டை வட்டப் பாதை போட்டிருக்கிறீர்கள். மின்சாரம் ஒரே இடத்தில்தான் நுழைகிறது. மறுகோடியில் ரயில் தளர்கிறது. இது ஒன்று. இரண்டாவது என்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன, தனித்தனியாக நிறுத்த முடியவில்லை. இது மற்றொன்று. 5 ஆம்பியர் கருவி முதல் சிக்கலைத் தீர்க்காது. இரண்டாவதற்கு அவ்வளவு ஆம்பியர் தேவையே இல்லை.

ஆம்பியர் கூடினால் ரயில் வேகமாக ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே இழுத்துக்கொள்ளும். இப்போது வரும் எச்ஓ என்ஜின் ஒன்று சாதாரணமாக ஓடும்போது அரை ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஆக, உங்கள் 1 ஆம்பியர் கன்ட்ரோலர் ஒரு ரயிலுக்குத் தாராளம். அப்படியும் மறுகோடியில் தளர்கிறது என்றால், வோல்ட் வழியில் எங்கோ கரைகிறது. தண்டவாளம் நிக்கல் சில்வர். அதன் மின்தடை செம்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். போதாக்குறைக்கு ஒவ்வொரு மூட்டிலும் தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் ஜாயினர் தளர்ந்திருக்கலாம், அதற்குள் அழுக்கு ஏறியிருக்கலாம்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே பார்த்துவிடலாம். வாகனங்களின் பார்க்கிங் விளக்கில் வரும் 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை வாங்குங்கள். அது இழுப்பது சுமார் 0.4 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய ஓர் என்ஜினின் சுமை. கன்ட்ரோலரை முழு வேகத்தில் வைத்து, ஒயர் நுழையும் இடத்தில் பல்பைத் தண்டவாளத்தோடு இணைத்து மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள். பிறகு மறுகோடியில் பாருங்கள். பல்பு இல்லாமல் அளந்தால் இரண்டு இடத்திலும் ஒரே எண்தான் காட்டும். மின்னோட்டம் ஓடினால்தான் தடை தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கன்ட்ரோலரைக் குறை சொல்லாதீர்கள்.

மருந்து எளியது, முதுகுதான் கொஞ்சம் வலிக்கும். பலகைக்கு அடியில் பாதை நெடுகிலும் சிவப்பு, கறுப்பு என இரண்டு செம்பு ஒயர்கள் இழுத்துவிடுங்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் இரண்டரை ஸ்கொயர் ஒயர் போதும். அதிலிருந்து மூன்றடிக்கு ஒரு முறை மெல்லிய கிளை ஒயர் எடுத்து, சக்கர விளிம்பு உரசாதபடி தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சாலிடர் வையுங்கள். ஒவ்வொரு கிளையையும் இணைத்தவுடன் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே தொடர்பு ஏற்படவில்லையே என்று மீட்டரில் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் இணைத்துவிட்டு ஷார்ட் எங்கே என்று தேடுவது பெரும் தொல்லை.

ஒயரைச் சரிசெய்யாமல் 5 ஆம்பியர் கருவியை மாட்டுவதை நான் ஆபத்து என்றே சொல்வேன். எச்ஓ டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் சுமார் 14 வோல்ட் இருக்கும். மறுகோடியில் ஒரு பெட்டி தடம் புரண்டு இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் உள்ள மொத்தத் தடை 4 ஓம் என்றால் ஓடுவது மூன்றரை ஆம்பியர். 5 ஆம்பியரில் துண்டிக்கும் கருவிக்கு அது பல என்ஜின்களின் சுமை போலத்தான் தெரியும், துண்டிக்காது. ஆனால் 49 வாட் வெப்பம் மூட்டுகளிலும் சக்கரங்களிலும் இறங்கிக்கொண்டிருக்கும். கடையில் கிடைக்கும் சாலிடர் அயர்ன் 25 வாட்தான். பிளாஸ்டிக் போகி எத்தனை நொடி தாங்கும்? அதனால்தான் நாணயச் சோதனை என்று ஒன்று செய்கிறார்கள். பாதையின் ஒவ்வொரு பகுதியிலும் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்தால் கருவி உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் இன்னொரு கிளை ஒயர் வேண்டும்.

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். பழைய டிசி (நேர்மின்னோட்ட) முறையில் தண்டவாளத்தின் வோல்ட்தான் வேகம், அதன் துருவம்தான் திசை. ஒரே பாதையில் நிற்கும் எல்லா என்ஜின்களும் அதற்குக் கட்டுப்படும். உள்வட்டத்தில் ஒரு ரயில், வெளிவட்டத்தில் ஒரு ரயில் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் டிசிசியே வேண்டாம். வட்டங்களுக்கு இடையேயான இணைப்பில் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டுப் பிரித்து, இன்னொரு சாதாரண கன்ட்ரோலர் வாங்கினால் முடிந்தது.

ஒரே பாதையில் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடந்து, காத்திருந்து ஓட வேண்டும் என்றால் டிசிசிதான். கட்டளை தண்டவாளத்தின் வழியாகவே போகும். என்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை வைத்து அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் இதைத் தரநிலை ஆக்கியது. அதனால் ஒரு நிறுவனத்தின் கருவியோடு வேறொரு நிறுவனத்தின் டீகோடர் ஒத்துப்போகும். ரயிலை ஓட்டக் கையில் பிடிக்கும் கருவிகளுக்கு மட்டும் இந்த உத்தரவாதம் இல்லை. உங்கள் அளவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் போதும். மின்னணுவில் ஆர்வம் இருந்தால் ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகையும் அதன்மேல் பொருத்தும் மோட்டார் ஷீல்டும் வாங்கி டிசிசி-இஎக்ஸ் என்ற திறமூல மென்பொருளை ஏற்றலாம். வைஃபை பலகையும் சேர்த்தால் கைபேசியிலிருந்தே ஓட்டலாம். பணம் மிச்சம், பொறுமை செலவு.

டிசிசி மாட்டும் அன்று டிசி கன்ட்ரோலரை முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். ஒரு வட்டம் டிசிசி, மற்றொன்று டிசி என்று வைத்தால், இடைவெளியைக் கடக்கும் என்ஜினின் சக்கரங்கள் இரண்டையும் இணைத்துவிடும். ஏதோ ஒன்று கருகும். சில டிசி செட்டுகளின் மின்இணைப்புத் தண்டவாளத்துக்குள் இரைச்சல் அடக்கும் கெபாசிட்டர் இருக்கும். அது டிசிசி அலையைக் குலைக்கும், எடுத்துவிடுங்கள். செட் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அடாப்டரில் இன்புட் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அதை நேராக 230 வோல்ட்டில் செருகக் கூடாது. புதிதாக வாங்குவது 100 முதல் 240 வரை தாங்கும் அடாப்டராக இருக்கட்டும்.

பழைய கன்ட்ரோலரைத் தூக்கிப் போடாதீர்கள். தனியாக ஒரு துண்டுத் தண்டவாளத்தில் இணைத்து வைத்துக்கொண்டால், டீகோடர் பொருத்தும் முன் ஒவ்வொரு என்ஜினையும் அதில் ஓட்டிப் பார்க்கலாம். 12 வோல்ட்டில் சக்கரத்தை ஒரு கணம் பிடித்து நிறுத்தி எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். கன்ட்ரோலர் அதற்குள் துண்டித்துக்கொண்டால் 1 ஆம்பியரைத் தாண்டிவிட்டது என்று பொருள். டீகோடரின் தாங்குதிறன் அந்த எண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். பழைய என்ஜின்கள் இதில்தான் டீகோடரைக் கொல்கின்றன.